ரோச் அண்ணாச்சி வீட்டு டிவி இருட்டாமல் இருக்க

1

வலது தோள்பட்டை வலிக்கிறது. இருபது வருசமாக ஏணியையும் ஒயர்ச்சுருளையும் அதே தோளில் தூக்கியதில் அது இடதைவிட ஒரு விரல் தாழ்ந்துவிட்டதாக, சட்டை தைக்கிறவர் அளவெடுக்கும்போது சொன்னார். கை வைத்தியத் தைலத்தைத் தேய்த்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். காகிதத்தில் தைல வாடை அடித்தால் வாசகர் பொறுத்துக்கொள்ளவும்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு கம்ப்ளெயிண்டிலிருந்து வந்தது. தூத்துக்குடியில் வீடுவீடாக இன்டர்நெட் லைன் இழுத்து, டிவியோடு சேர்க்கிற செட்-டாப் பெட்டி மாட்டிக்கொடுப்பது என் தொழில். சனிக்கிழமை ரோச் அண்ணாச்சி போன் பண்ணினார்.

"டிவி இருட்டுது. வந்து பாரு."

வைத்துவிட்டார். அவரிடம் போனில் பதில் சொல்ல முடியாது. காது மந்தம். அவர் பேசுவார், அவரே வைப்பார்.

2

முதல் தொடக்கம்: "திரேஸ்புரம் கடற்கரையில் அலைகள் அன்று மௌனமாக—"

அடித்துவிட்டேன். அங்கே எந்த நேரமும் ஏதாவதொரு டீசல் எஞ்சின் ஓடும். எது மௌனமாக இருந்ததென்று எனக்கெப்படித் தெரியும்?

இரண்டாவது: "முப்பது வருசம் சங்கு குளித்த ரோச்சின் காதுக்குள் கடல் இரைந்துகொண்டே—"

இதுவும் வேண்டாம். அவர் காதுக்குள் இருப்பது சீழ்.

மூன்றாவது: "டிவி இருட்டியது."

இது நிற்கட்டும். பொய் குறைவாக இருக்கிறது.

3

ரோச் அண்ணாச்சிக்கு ஐம்பத்தொன்று. கடலடியில் தரையோடு தரையாகக் கிடக்கும் சங்கைப் பொறுக்கிவருவது அவர் வேலை. படகில் காற்று மிஷின் ஓடும். அதன் ஓசுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டு இறங்குவார். காது கெட்டது அப்படித்தான். அதனால் டிவியில் சத்தம் எப்போதும் நூறு. தெருமுனையில் திரும்பும்போதே அவர் என்ன படம் பார்க்கிறார் என்று சொல்லிவிடலாம்.

ஞாயிறு பூசை முடிந்து சாப்பாட்டு நேரத்துக்குப் போனேன். அவர் மனைவி விஜிலா மதினி அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"வாலே. மூணு மாசமா இந்தக் கூத்து," என்றார் ரோச். "படம் ஓடும். விளம்பரம் வரும். நடுவுல இருட்டிரும், சத்தமும் போயிரும். விளம்பரம் முடிஞ்சி படம் வரும்போதும் அதே கததான். மூணு எண்ணுனா திரும்ப வரும்."

"எண்ணிப் பாத்தியளா அண்ணாச்சி?" என்று கத்தினேன்.

"எண்ணாம? இருட்டுனா மூச்சப் பிடிச்சிருவேம்லா. ஓசு இல்லாம குளிச்ச காலத்துப் பழக்கம்."

"போன வாரம் கரண்டு போயிட்டு," என்றாள் மதினி உள்ளேயிருந்து. "மனுசன் செத்தாருன்னே நெனச்சேன்."

அவருக்கு அது கேட்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார், நான் ஏதோ சொன்னதாக நினைத்து.

4

(இந்தப் பகுதி கதையில் சேராது. தாண்டிப் போகலாம். ஆனால் உங்கள் வீட்டு டிவியும் இருட்டுகிறதென்றால் மொத்தத்தில் உபயோகமான பகுதி இது ஒன்றுதான்.)

சினிமா ஒரு விநாடிக்கு இருபத்துநாலு படமாக ஓடுகிறது. விளம்பரம் இருபத்தைந்தோ முப்பதோ. ஒவ்வொரு தடவை மாறும்போதும் பெட்டி டிவியிடம், "நடையை மாத்தப் போறேன்" என்கிறது. டிவி கண்ணை மூடி, காதை மூடி, புது நடையைப் பிடித்துக்கொண்டு திறக்கிறது. ஹார்பரில் இரண்டு பேர் ஒரே சரக்கைத் தூக்கிப் போகும்போது ஒருத்தன் வேகத்தை மாற்றினால் சரக்கை இறக்கிவைத்துவிட்டு மறுபடி தூக்குவார்களே, அது மாதிரி. அந்த இறக்கிவைக்கிற நேரம்தான் இருட்டு.

முதலில் எச்டிஎம்ஐ ஒயரை இரண்டு முனையிலும் அழுத்திப் பாருங்கள். கண்ட நேரத்தில் இருட்டினால் ஒயரை மாற்றுங்கள். படம் மாறும்போது மட்டும் இருட்டினால் ஒயர்மேல் பழியில்லை. பெட்டியின் செட்டிங்ஸில் டிஸ்பிளே பகுதிக்குப் போனால், படத்தின் வேகத்துக்கு ஏற்ப டிவியை மாற்றவா என்று ஒரு கேள்வி இருக்கும். "வேண்டாம்" என்று வையுங்கள். தடங்கல் வராதென்றால் மட்டும் மாற்று என்றும் வைக்கலாம். டிவியும் பெட்டியும் இரண்டுமே புதுசாக இருந்தால் இருட்டாமலே மாற்றிக்கொள்ளும்.

நஷ்டம்: கேமரா மெதுவாகத் திரும்பும் இடங்களில் படம் லேசாகத் தட்டுத் தட்டிப் போகும். நூறு பேரில் ஒருத்தருக்குத் தெரியும். மற்ற நஷ்டம் எதுவும் இருப்பதாக இத்தனை வருசத்தில் நான் நினைத்ததில்லை.

5

டிவிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, இருட்டு எப்போது வருகிறதென்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் இருட்டு. அடுப்படி வாசலிலிருந்து மதினியின் குரல்: "தலகாணியில ரத்தம், பாத்தீரா?"

வெளிச்சம். கதாநாயகன் ஒருவனை லாரிமேல் தூக்கி எறிந்தான்.

இரண்டாவது இருட்டு. "ஒம்ம காதுலருந்து வந்தது. இது மூணாவது தடவ."

"ம்," என்றார் ரோச்.

சோப்பு விளம்பரம் ஓடி முடிந்தது. மூன்றாவது இருட்டு. "டாக்டர் ஒம்மட்ட சொல்லல. வெளிய கூப்பிட்டு என்கிட்டதான் சொன்னாரு, இனிமே—"

வெளிச்சம். லாரி வெடித்தது.

எனக்கு எல்லாம் காதில் விழுந்தது. விழுந்தும், என் கட்டைவிரல் ரிமோட்டில் செட்டிங்ஸைத் தேடிக்கொண்டிருந்தது. கூலி வேலையில் வளர்ந்தவனுக்கு இது ஒரு வியாதி. வேலை என்று வந்துவிட்டால் கை முன்னால் போய்விடும், தலை பின்னால் நடந்துவரும். "வேண்டாம்" என்பதை அழுத்தினேன்.

அடுத்த விளம்பரம் வந்தது. இருட்டவில்லை. படம் வந்தது. இருட்டவில்லை.

மதினி வாசலில் கரண்டியோடு நின்றாள். வாய் திறந்திருந்தது. மெதுவாக மூடிக்கொண்டாள்.

"சோலிய முடிச்சிட்டியேலே," என்றார் ரோச், சந்தோசமாக.

6

இந்த இடத்தில் வாசகர் ஒரு கேள்வி கேட்பார். விஜிலா அந்த ரிமோட்டைப் பிடுங்கி டிவியை அணைத்துவிட்டுச் சொன்னால் என்ன?

நியாயமான கேள்வி. எனக்கும் அவள்மேல் சந்தேகம்தான். மீன் ஏலத்தில் நாற்பது ஆம்பளைகளின் சத்தத்தை அமுக்கிக் கூடையை வாங்கிப் போகிற பொம்பளை, தன் வீட்டில் மூன்று விநாடிக்குக் காத்துக் கிடப்பாளா? கதாபாத்திரம் ஒட்டவில்லை என்று அடித்துவிட்டு, அவளை வாயில்லாப் பூச்சியாக மாற்றி ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். அது அவளாக இல்லை. அவள் படித்தால் என்னைத் தேடிவந்து ஏசுவாள்.

ஆகவே நடந்ததை எழுதுகிறேன். கிளம்பும்போது வாசலில் வைத்து இதே கேள்வியைக் கேட்டேன்.

"அணைச்சுட்டுச் சொல்லாமலா இருப்பேன், தம்பி?" என்றாள். "அணைச்ச ஒடனே எந்திரிச்சிக் கடற்கரைக்குப் போயிருவாரு. இருட்டுக்குள்ள எந்திரிக்க மாட்டாரு பாத்துக்கோ, இப்பப் படம் வந்துரும் இப்பப் படம் வந்துரும்னு. அந்த மூணு எண்ணுற நேரந்தான் அந்தாளு எனக்குப் புருசன்."

"மிச்சம் என்ன மதினி? டாக்டர் என்ன சொன்னாரு?"

"காதுச் சவ்வு ரெண்டும் கிழிஞ்சிருக்காம். இனிமே எறங்குனா தண்ணி உள்ள போயி, தல சுத்தி, மேல எது கீழ எதுன்னு தெரியாம அடியிலயே கெடந்துருவாராம்." முந்தானையில் கையைத் துடைத்தாள். "செவ்வாக்கிழம படகு போவுது. வாரேன்னு சம்மாட்டிட்ட சொல்லிட்டாரு."

சம்மாட்டி என்றால் படகுக்காரர். அவரிடம் சொன்ன சொல்லை ரோச் மாற்றியதாக ஊரில் பேச்சே கிடையாது.

"வேணும்னா திரும்ப இருட்டாக்கிரட்டுமா?"

"போலே. சரியாக்க வந்தவன் கெடுத்துட்டுப் போனான்னு தெருவெல்லாம் சொல்லுவாரு. ஒம் பொழப்பு நாறிரும்." கொஞ்சம் யோசித்தாள். "நீயே சொல்லிரேன். வெளியாளு சொன்னா மூஞ்சிக்காகவாவது ஒக்காந்து கேப்பாரு."

"சொல்லுதேன் மதினி," என்றேன்.

உள்ளே திரும்பிப் போனேன். ரோச் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாருலே, தண்ணி மாதிரி ஓடுது." மூன்று மாசமாகக் கிடைக்காத படத்தைப் பார்க்கிற முகம். நான் சொல்வதானால் தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்திச் சொல்லவேண்டும். அடுத்த வீட்டில் கம்ப்ளெயிண்ட் வேறு காத்திருந்தது.

அதனால் நான்—

7

வாசகர் முடிவு கேட்பார் என்று மூன்று தயாரித்தேன்.

அ) மறுநாள் ஏதோ சாக்கில் போய் செட்டிங்ஸை மாற்றிவிடுகிறேன். இருட்டு திரும்ப வருகிறது. மதினி நாலு இருட்டில் சொல்லி முடிக்கிறாள். அவர் சங்கு குளிப்பதை விட்டுவிடுகிறார். (பத்திரிகைக்கு அனுப்பலாம். திரேஸ்புரத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள்.)

ஆ) படத்தின் உச்சக்கட்டத்தில் மதினி ஒயரைப் பிடுங்கிவிடுகிறாள். அவர் எனக்குப் போன் பண்ணுகிறார். நான் போய் மாட்டுகிறேன். பிடுங்குகிறாள், மாட்டுகிறேன். (சிரிப்பு வருகிறது. செவ்வாய்க்கிழமையும் வந்துவிடுகிறது.)

இ) ரோச்சுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

இதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தேன். மூன்று மாசமாக இருட்டிய டிவிக்கு அவர் மூன்று மாசமாக என்னைக் கூப்பிடவில்லை. தலையணை ரத்தத்தைப் பற்றி அவள் அதற்கு முந்தியே இருட்டில் பேச ஆரம்பித்திருப்பாள், அதற்கப்புறம்தான் கூப்பிட்டார். "ம்" என்றது படத்துக்கா, அவளுக்கா? அவர் என்னிடம் அடைக்கச் சொன்னது டிவியின் இருட்டையா, அதற்குள்ளிருந்து வந்த குரலையா?

இப்படி யோசிப்பது எழுதுகிறவனின் புத்தி என்றும் தள்ளிவிடலாம். தள்ளத்தான் பார்க்கிறேன். அப்படியே இருந்தாலும், அவர் "இனிமே" வரைக்கும்தான் கேட்டிருப்பார். அதற்குமேல் கேட்காமல் பார்த்துக்கொண்டது நான்.

8

இன்று திங்கட்கிழமை. சாயங்காலம் நாலரை மணி. படகு விடிகாலையில் போகிறது. அவர் வீடு இங்கிருந்து பைக்கில் பத்து நிமிசம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து எண் போட்டு எட்டுப் பகுதி எழுதியிருக்கிறேன். இரண்டு தொடக்கத்தை அடித்திருக்கிறேன், மூன்று முடிவு செய்திருக்கிறேன். இந்த நேரத்தில் எட்டுத் தடவை அவர் வீட்டுக்குப் போய்வந்திருக்கலாம். கதைக்கு முடிவு எழுத மாட்டேன். எழுதிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று காலை நீட்டிப் படுத்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். வேண்டுமானால் முடிவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குத்தான் அவர் தெரியாதவர்.

'தண்ணிக்குள்ள இறங்காதிய அண்ணாச்சி, இறங்கினா திரும்ப வரமாட்டிய.' இந்த ஒரு வாக்கியத்தை ரோச் அண்ணாச்சியிடம் சொல்வதாக விஜிலா மதினியிடம் வாக்குக் கொடுத்து வந்தேன். அது என்மேல் கடன். இன்னும் கொடுக்கவில்லை.