பதின்மூன்றாவது விடைத்தாள்

1

இந்தக் கதை மனக்குறுகுறுப்பில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் பல்கலைக்கழக ஆசிரியன். இடம் கிடைத்தாலே ஊர் கூடி வாழ்த்தும் பல்கலைக்கழகம். என் வகுப்பில் எழுபத்திரண்டு பேர். அவர்களில் பன்னிரண்டு பேருக்குத்தான் 'ஏ' போடலாம் என்பது விதி. எல்லோருமே கெட்டிக்காரர்கள். ஆனாலும் ஒருவர் இறங்கினால்தான் இன்னொருவர் ஏற முடியும்.

முதல் வரி: 'அன்று நல்ல மழை, அவன் நனைந்தபடி...' [வேண்டாம். மழை பெய்யவில்லை.]

2

பன்னிரண்டாம் இடம் பிடித்த கண்ணாடிக்காரன் என் அறைக்கு வருகிறான். கையில் பதின்மூன்றாம் இடத்துப் பெண்ணின் விடைத்தாள்.

"சார், இவங்க தாள்ல கூட்டல் தப்பா இருக்கு. ஆறாவது கேள்விக்கு நீங்க போட்ட ஏழு மார்க் மொத்தத்துல வரல."

"அதச் சேர்த்தா உன்னோட ஏ போயிடும்ப்பா."

"தெரியும் சார். நாலு நாளா தூக்கமில்ல. போனா போகட்டும்."

[இப்படியும் ஒரு பையனா என்று கேட்பீர்கள். எனக்கும் சந்தேகம்தான். அந்தத் தூக்கமில்லாத நாலு நாளை அவனுக்கு எங்கிருந்து எடுத்துக் கொடுத்தேன் என்றால்...]

3

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். கண்ணாடிக்காரன் வரவே இல்லை. அவனுக்கு ஒன்றும் தெரியாது. வந்தவள் அந்தப் பெண்தான்.

"எங்க தப்பு பண்ணேன்னு மட்டும் சொல்லுங்க சார். இந்த ஏ இல்லாம ஆராய்ச்சி சீட்டுக்கு அப்ளை பண்ண முடியாது. வீட்டுல என்னன்னு சொல்றதுன்னு தெரியல."

தாளைப் புரட்டினேன். ஆறாவது கேள்வியின் ஓரத்தில் என் கையெழுத்தில் ஏழு. முதல் பக்கத்து மொத்தத்தில் அது இல்லை.

"மார்க்கக் கூட்டிப் பாத்தியாம்மா?"

"இல்ல சார். நீங்க கூட்டினா சரியாத்தான இருக்கும்?"

என் பதவி உயர்வுக் கோப்பு அப்போது துறைத் தலைவர் மேசையில் இருந்தது. "பதில்ல தெளிவு போதலம்மா," என்றேன். அவள் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். அடியில் கோடு போட்டாள். நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

அடிக்குறிப்பு: தெளிவான பதில்தான் அது. வகுப்பிலேயே அதுதான் நல்ல பதில். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

4

எனக்காக உண்மை பேச ஒரு பையனைக் கற்பனை செய்து, அவனுடைய 'ஏ'யை அவனையே கொடுக்க வைத்தேன். என்னால் அவ்வளவுதான் முடிந்தது.

அவளுடைய மதிப்பெண் திருத்தப் படிவம் என் மேசையில் இருக்கிறது. 'பிழை செய்தவர்' என்ற கட்டத்தை மட்டும் நிரப்பவில்லை. இன்று நாலு மணியோடு வாங்குவதை நிறுத்திவிடுவார்கள். இப்போது மூன்று நாற்பது. அலுவலகம் கீழ்த்தளத்தில்தான்.

எந்த முடிவு வேண்டும் என்று உங்களிடம் கேட்க நினைத்திருந்தேன். கேட்க வேண்டியதில்லை. எழுதியது போதும், எழுந்து போ என்பீர்கள்.

நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.