பெட்டி மேல் உட்கார்ந்த சாட்சி

மூரியல் அத்தை ஜெபத்தாளைச் சுருட்டி ஓங்கிவிட்டாள். ஃபிலிப்பா பாய்ந்து மணிக்கட்டைப் பிடித்தாள்.

"விடுடி. உங்கப்பா பெட்டி மேல குளவி."

"குளவி இல்ல அத்தை. ரெக்கை ரெண்டுதான். ஈ."

"அது இன்னும் கேவலம்."

அப்பா லெஸ்லியின் பிரம்புச் சவப்பெட்டி, கடைசி அரை மணி நேரத்துக்கு, அவருடைய தோட்டத்து ஜூன் வெயிலில் இருந்தது. மேலே ரோஜா இல்லை. அடுக்கு ரோஜாவில் ஈக்களுக்குத் தீனி கிடைக்காது என்பது அவர் கட்சி. வேலியோரக் களைப்பூக்கள்தான், வெள்ளைக் குடைகளாக.

ஃபிலிப்பா ஷெர்ரியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, காலிக் கிளாஸை ஒரு பூக்குடையில் இருந்த ஈயின் மேல் கவிழ்த்தாள். ஒடுங்கிய இடுப்பு. சிறகின் முன் ஓரத்தில் பழுப்புக் கறை. குளவி வேஷம் போட்டு ஊரை ஏமாற்றும் அதே மிதவை ஈ, அந்தரத்தில் நின்று பூத்தேன் குடிக்கிற ஜாதி. 1998இல் இங்கேதான் பார்த்தேன் என்று அப்பா எழுதி அனுப்பினார். மாவட்டத்து ஈக்களுக்குப் பதிவாளரான கிராண்ட், 'பிடித்த பூச்சி மாதிரியாக இல்லை. ஏற்பதற்கில்லை' என்று பதில் போட்டார். அப்பா அந்தக் கடிதத்துக்குச் சட்டம் போட்டுக் கழிவறையில் மாட்டினார்.

அப்பாவை மண்ணில் இறக்குமுன் வேறொரு பதிலை வாங்கியாக வேண்டும்.

"மிஸ்டர் கிராண்ட், கொஞ்சம் வர்றீங்களா?"

வேலியோரம் நின்ற கிழவர் வந்தார். பையிலிருந்து லென்ஸை எடுத்தார். இழவு வீட்டுக்கும் லென்ஸோடு வருகிற கூட்டம் அது. பெட்டியருகே முழங்காலிட்டார். ஜெபமென்று நினைத்துப் பாதிரியாரும் தலை குனிந்தார்.

கிளாஸைச் சுற்றி லென்ஸை நகர்த்தினார்.

"குளவியைப் பார்த்துட்டு ஈ-ங்கறீங்கன்னு அன்னிக்கு அவர்கிட்ட சொன்னேன்," என்றார் கிராண்ட்.

"தெரியும். எங்க வீட்ல உங்க பேருதான் தினமும் ஊறுகாய்."

அவர் நோட்டை எடுத்தார். பார்த்தவர் என்ற இடத்தில் லெஸ்லி என்று எழுதினார். தேதியில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு, 14 ஜூன் 1998.

"ஏத்துக்கிட்டாச்சு," என்றார்.

"மாதிரிக்குப் பூச்சி வேணுமே? பிடிச்சு ஊசி குத்தணுமா?"

"வேணாம்மா. நானே பார்த்துட்டேன்."

ஃபிலிப்பா கிளாஸைத் தூக்கினாள். ஈ பறக்கவில்லை.

பெட்டி தூக்க வந்தவர் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நேரமாச்சு சார். தூக்கலாமா?"

"ரெண்டு நிமிஷம்," என்றார் கிராண்ட், எழாமலே. "சாப்பிட்டுக்கிட்டிருக்கு."