டொராண்டோ – திருவனந்தபுரம், இருபத்தொரு மணி நேரம்

தக்கலையில் ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போடுகிறவள் ரேஷ்மி. டொராண்டோவிலிருந்து திருவனந்தபுரம் பதிமூன்றாயிரம் கிலோமீட்டருக்கு மேல். தோஹாவில் மாறி வந்தால் இருபத்தொரு மணி நேரம். கம்ப்யூட்டரைப் பார்க்காமலே சொல்லுவாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் கையை விரித்து, அப்பா குமாரதாஸை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். இரண்டு நாள் தாங்கினால் பெரிது. ரேஷ்மி டொராண்டோவிலிருக்கும் தம்பி விபினைக் கூப்பிட்டாள்.

“சீட்டே இல்லக்கா. எல்லாம் பாத்துட்டேன்.”

“ஏலே, என் கண்ணு முன்னால ஏழு சீட்டு கெடக்கு. உன் பேர்ல ஒண்ணு பிடிச்சு வச்சிருக்கேன். செரின்னு ஒரு வார்த்தை சொல்லு.”

“ஆபீஸ்ல கேட்டுட்டு சொல்லுதேன்.”

சொல்லவில்லை. பிறகு போனையும் எடுக்கவில்லை. சாயங்காலம் அந்த சீட்டு கைவிட்டுப் போயிற்று.

புதன் காலையில் அப்பா கண்விழித்தார். “விபின் ஏறிட்டானா மக்ளே?”

“ஏறிட்டான்பா.” வாயில் வந்துவிட்டது.

அதன்பிறகு நிறுத்த முடியவில்லை. மதியம் கேட்டபோது விமானம் கடலுக்கு மேலே பறந்தது. சாயங்காலம் தோஹாவில் இறங்கியது. அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரம் இருக்கிறது என்றாள். பொய்யையும் நேரம் பிசகாமல் சொன்னாள். அப்பா தலையாட்டிவிட்டு இரண்டு கரண்டி கஞ்சி குடித்தார்.

அவன் இறங்கவேண்டிய நேரம்வரை அப்பா இருக்கமாட்டார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அப்படி நினைத்ததில் தன்மேலேயே அருவருப்பு வந்தது. வியாழன் விடிந்தது. அப்பா தெளிவாக இருந்தார்.

“எங்க எத்தினான்?”

“திருவனந்தபுரத்துல எறங்கிட்டான்பா. கார்ல வாறான்.”

ஆகாயத்தில் அவள் சொன்னதையெல்லாம் அப்பா நம்பினார். ரோடு அப்படியல்ல. அதே வழியில் இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டியவர் அவர்.

“நெய்யாற்றின்கரை,” என்றார் கண்ணை மூடியபடி. கொஞ்சநேரம் கழித்து, “களியக்காவிளை.” பிறகு, “மார்த்தாண்டம். பாலத்துல பிளாக்கா இருக்கும்.”

தெருவில் வண்டிச் சத்தம் கேட்டபோதெல்லாம் கண்ணைத் திறந்தார். தக்கலைக்கு வந்து சேரவேண்டிய நேரம் தாண்டி ஒரு மணி நேரம் போயிற்று.

“ஏட்டி, அவன் ஏறவே இல்லியா?”

ரேஷ்மி போர்வையை இழுத்துவிட்டாள். அப்பா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பதினொரு மணிக்கு மூச்சு நின்றது.

செய்தி அனுப்பியதும் விபின் வீடியோவில் வந்து அழுதான். “நான் வாறது வரைக்கும் வச்சிருங்கக்கா. இன்னைக்கே ஏறுதேன்.”

“இப்பம் சீட்டு கெடச்சிட்டோ?” என்று கேட்டு போனை அணைத்தாள்.

தாய்மாமன் சுயம்புராஜ் ஐஸ் பெட்டிக்குச் சொல்லப் போனார்.

“வேண்டாம் மாமா. மூணு மணிக்கு எடுத்துரலாம்.”

“கொள்ளி வைக்க மகன் வராண்டாமா மக்ளே?”

“நான் வைக்கேன்.”

மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் இறங்கி வரவில்லை. மூன்றரைக்கு அவளே கொள்ளி வைத்தாள். போனை வீட்டிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தாள்.