கடைசிப் பத்தி

அலுவலகத்தில் அவருக்கு மடங்கார் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. தக்காளி விலை ஏறினாலும், திருட்டு கூடினாலும், கொசு பெருகினாலும் தலைப்பில் ‘இரு மடங்கு’ போடாமல் அவர் கை அடங்காது. ஒன்றரை மடங்கு என்று செய்தி வந்தால் தட்டிக்கொட்டி இரண்டாக்கிவிடுவார். அரையை அப்படியே விடுவது பந்தியில் பாதியில் எழுந்துபோகிற மாதிரி அவருக்கு.

கணக்கு வராது என்பதை அந்தப் பத்திரிகையில் யாரும் மறைத்ததில்லை. நெஞ்சில் குத்திய பதக்கம் மாதிரி காட்டிக்கொண்டு திரிந்தார்கள். “கணக்கு வந்திருந்தா நான் ஏன்யா இங்க வந்து குப்பை கொட்டறேன்” என்று செய்தி ஆசிரியரே சொல்வார். ஒற்றெழுத்து ஒன்று விட்டுப்போனால் வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பவர், சைபர் ஒன்று விட்டுப்போனால் “வாசகர் புரிஞ்சுப்பார், விடு” என்பார். வாசகரும் அதே பள்ளிக்கூடத்தில் அதே வாத்தியாரிடம் அதே அடியை வாங்கியவர்தானே. யாரும் யாரையும் கேள்வி கேட்காமல் காலம் சுகமாக ஓடியது.

மடங்காரின் பொறுப்பு புதன்கிழமை வருகிற நலவாழ்வுப் பக்கம். அந்தப் பக்கத்துக்குக் கடைசி நேரத்தில் விளம்பரம் வரும். வந்தால் செய்தியின் வாலை வெட்டி இடம் பண்ண வேண்டும். முக்கியமானது மேலே இருக்கும், ஆகாதது கீழே கிடக்கும் என்பது தொழிலில் பரம்பரையாக வருகிற நம்பிக்கை. அதனால் வெட்டுகிறவர் வாலைப் படித்துப் பார்ப்பதில்லை. முடிவெட்டுகிறவர் கீழே விழும் முடியைப் பார்க்கிறாரா என்ன?

அந்த வாரம் ஏதோ ஒரு ரக ரத்த அழுத்த மாத்திரையைப் பற்றி வெளியூர் ஏஜென்சியிலிருந்து செய்தி வந்தது. அதைச் சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீரகத்தில் ஒரு அபூர்வக் கோளாறு வரும் வாய்ப்பு இரட்டிப்பாகிறதாம். மடங்காருக்குக் கசக்குமா? ‘ரத்த அழுத்த மாத்திரையால் ஆபத்து இரு மடங்கு’ என்று நாலு பத்தி அகலத்துக்குத் தலைப்பு வைத்தார். என்ன ஆபத்து என்பதற்குத் தலைப்பில் இடம் இல்லை. பிறகு முட்டிவலித் தைலக்காரர் விளம்பரத்தோடு வந்தார். மடங்கார் வாலை வெட்டினார். தைலம் உட்கார்ந்தது. டீ குடிக்கப் போனார்.

மறு வாரம் ஒரு டாக்டரம்மா அலுவலகத்துக்குப் போன் செய்தார்.

“என்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேர் மாத்திரையை நிறுத்திட்டாங்க. கேட்டா உங்க பேப்பரைத்தான் காட்டறாங்க. அந்தச் செய்தியை நீங்க முழுசாப் படிச்சீங்களா?”

“பின்ன படிக்காமலா மேடம்” என்றார் மடங்கார். போனை வைத்துவிட்டு, ஏஜென்சி அனுப்பியிருந்ததை முதல்முறையாக முழுசாகப் படித்தார். கடைசிப் பத்தியில் இருந்தது: மாத்திரை சாப்பிடாதவர்களில் பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கு அந்தக் கோளாறு வரும், சாப்பிடுகிறவர்களில் இருவருக்கு. மாத்திரையை நிறுத்தினால் பக்கவாதம் வருவதற்கான வாய்ப்பு அதைவிடப் பன்மடங்கு அதிகம். எனவே யாரும் தாமாக நிறுத்தக் கூடாது.

மடங்கார் விரலை மடக்கினார். ஒன்று. இரண்டு. மீதிப் பேரெல்லாம் எங்கே போனார்கள்? அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. அவர்களைத்தான் வெட்டி எறிந்திருந்தார்.

செய்தி ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “ஒண்ணு ரெண்டாச்சு. ரெண்டு மடங்குதானே? இதுல எங்கய்யா தப்பு?”

“தப்பில்ல சார். ஆனா...”

“தப்பில்லாததுக்குத் திருத்தம் போட்டா அதுதான்யா தப்பு. சரி, விளக்கம்னு ரெண்டு வரி அடியில போட்டுத் தொலை.”

அடியில் போட்டார். புதன்கிழமை காலை பேப்பரைப் பிரித்தால் அந்த இடத்தில் மெத்தைக் கம்பெனிக்காரர் கால் நீட்டிப் படுத்திருந்தார். மடங்கார் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு விளம்பரம் வந்திருக்கிறது. வேறு யாரோ வாலை வெட்டியிருக்கிறார்கள். படிக்காமல்தான்.

ஞாயிற்றுக்கிழமை மடங்கார் அக்கா வீட்டுக்குப் போனார். அம்மா போனபிறகு அவரைப் படிக்கவைத்து ஆளாக்கியவள் அக்காதான். முன்னறையில் அழகு நிலையம் நடத்துகிறாள். ஒரு சுழல் நாற்காலி, ஒரு பெரிய கண்ணாடி, எரிந்த வாசனை அடிக்கும் ஹேர் டிரையர். வெட்டிய முடி சிதறாமல் இருக்கத் தரையில் தம்பியின் பழைய பேப்பர் விரித்திருக்கும். “உன் பேப்பர்தான்டா ஒசத்தி. முடி வழுக்காது, அப்படியே சுருட்டிடலாம்” என்று பாராட்டுவாள். புதிய பேப்பரை மட்டும் தரையில் போட மாட்டாள். வருகிறவர்களிடம் எல்லாம் “தலைப்பு என் தம்பி வெச்சது” என்று நீட்டுவாள்.

தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறக்கப் போன மடங்காரின் கை நின்றது. அந்தத் தலைப்பு, கத்தரித்து, நாலு மூலையிலும் டேப் ஒட்டி, கதவில் இருந்தது.

“மாமாதான் ஒட்டினார்” என்றாள் அக்கா. “பார்லருக்கு வர்றவங்க எல்லாரும் படிச்சாங்க. மூணாவது வீட்டு டீச்சர்கூட நிறுத்திட்டாங்க.”

“டீச்சர்கூடன்னா? வேற யாரு நிறுத்தினது?”

“நான்தான். வேற யாரு?”

அக்கா சாப்பிடுவது ஏதோ பிரஷர் மாத்திரை என்று மடங்காருக்குத் தெரியும். என்ன மாத்திரை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மாமா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து தன் காலடியில் தனி பிரேக் வைத்துக்கொண்டே வாழ்க்கையை ஓட்டியவர். “சந்தேகம்னா பிரேக்ல கால் வை, அவ்வளவுதான் மாப்ளே” என்றார். “உன் பேப்பரைப் பாத்த அன்னைக்கே மாத்திரையை அட்டையோட குப்பையில போட்டுட்டேன். நீ மட்டும் எழுதலேன்னா எங்களுக்கு எப்படித் தெரியும், சொல்லு?”

மடங்கார் அக்காவைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்துத் தான் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“அக்கா, ஒரு பெரிய மைதானம். நிறைய ஜனம். பத்தாயிரம் பேர்னு வெச்சுக்க. மாத்திரை போடாதப்ப அதுல ஒருத்தருக்கு அந்த நோவு வரும். போட்டா ரெண்டு பேருக்கு. மத்தவங்க எல்லாரும் நல்லா வீட்டுக்குப் போயிடுவாங்க.”

அக்கா கொஞ்ச நேரம் மைதானத்தைப் பார்த்தாள்.

“அந்த ரெண்டாவது ஆளு நானா இருந்தா?”

மடங்கார் மறுபடியும் விரலை மடக்கினார்.

“எனக்கு நல்லது எதுவும் குலுக்கல்ல விழாதுடா. கெட்டதுன்னா வீடு தேடி வந்து விழும்.”

“மாத்திரையை விட்டா வாதம் வரும்க்கா. அதுக்கு வாய்ப்பு இதைவிடப் பல மடங்கு...”

அக்கா சிரித்த சிரிப்பில் நாற்காலி அரைச் சுற்றுச் சுற்றியது. “வந்துட்டான்யா மடங்கு. போன வாரம் போட்டா ரெண்டு மடங்கு, இந்த வாரம் விட்டா பல மடங்கு. நாங்க உன் பேப்பரை நம்பறதா, உன்னை நம்பறதா?”

“என்னை நம்பு.”

“பேப்பர்ல போட்டதும் நீதானடா.”

ஆனாலும் அவன் முகம் விழுந்து கிடந்ததைப் பார்த்து மனசு இளகிவிட்டாள். சின்ன வயதில் கணக்குப் பரீட்சை முடிந்து வருவானே, அதே முகம். “சரி சரி, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத. நாளைக்கு மாத்திரை வாங்கிட்டு வரச் சொல்றேன். போதுமா?”

இன்றைக்கே வாங்கிவரலாம் என்று மடங்கார் எழுந்தார். ஞாயிற்றுக்கிழமை, தெருமுனை மருந்துக் கடை மூடியிருக்கும். பஸ் நிலையம் பக்கம் ஒரு கடை திறந்திருக்கும். “ஒரு நாள்ல என்னடா ஆயிடப் போவுது, உக்காரு, சாப்பிடு” என்றாள் அக்கா. உட்கார்ந்தார். சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலை, மூன்றாவது வீட்டு டீச்சருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் கையிலிருந்து சீப்பு விழுந்தது. டீச்சர் குனிந்து எடுத்துக் கொடுத்தாராம். அக்காவால் அதை வாங்க முடியவில்லை. “நாக்கு குழறுது” என்று சொல்ல வந்ததே குழறியிருக்கிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் மாமா ஒரே கதையைச் சொன்னார். “எல்லாம் அந்த மாத்திரை பண்ண வேலை. வருஷக்கணக்கா சாப்பிட்டாளே, உள்ளயே ஊறிப்போச்சு. மாப்ளே பேப்பர்ல அன்னைக்கே போட்டான், ஆபத்துன்னு. போட்ட மாதிரியே ஆயிடுச்சு பாருங்க.” வந்தவர்கள் மடங்காரை மரியாதையோடு பார்த்தார்கள். ஒருவர் கையைக்கூடப் பிடித்துக்கொண்டார்.

மடங்கார் டாக்டரைத் தனியாகப் பிடித்தார். “நிறுத்தினதாலதானே சார்?”

“நிறுத்தினா வாய்ப்பு கூடும். ஆனா ஒழுங்கா சாப்பிடறவங்கள்லயும் சிலருக்கு வரத்தான் செய்யுது. உங்க அக்காவுக்கு எதனாலன்னு கேட்டா, அதை யாராலயும் சொல்ல முடியாது.”

முழுக்க நீதான் காரணம் என்று சொல்லியிருந்தால் அவர் அழுதிருப்பார். நீ காரணமே இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பார். அரையை என்றைக்குமே விட்டுவைக்காதவருக்கு அரைதான் கிடைத்தது. தட்டிக்கொட்டி முழுசாக்க ஒரு வழியும் இல்லை.

அக்காவை வீட்டுக்குக் கூட்டிவந்தபோது கட்டிலை முன்னறையில் போட்டார்கள். வலது கை வரவில்லை. பேச்சு தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. எதிரே பெரிய கண்ணாடி இருந்ததால் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மடங்கார் எழுந்து கண்ணாடிமேல் துணியைப் போட்டார்.

டாக்டர் எழுதிக் கொடுத்ததில் அதே மாத்திரை இருந்தது. மாமா அந்த அட்டையை மட்டும் பையிலிருந்து எடுத்து மேசைமேல் தள்ளி வைத்தார்.

“இது வேணாம். மீதியெல்லாம் குடுக்கறேன்.”

“டாக்டர் எழுதியிருக்கார் மாமா.”

“முன்னேயும் டாக்டர்தான் எழுதினார். நீ போட்டதைப் படிச்சப்புறமும் இதை எப்படி இவ வாயில போடுவேன்?”

மடங்கார் ஃபிரிட்ஜ் அருகே போய் அந்தத் தலைப்பைப் பிய்த்தார். ஒரு மூலை டேப்போடு கதவிலேயே தங்கிவிட்டது.

“நான் பாதிதான் மாமா போட்டேன். மாத்திரையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினா வாதம் வரும்னு கடைசியில இருந்துச்சு. அதை வெட்டிட்டேன். தைல விளம்பரத்துக்கு இடம் பத்தல.”

மாமா மெதுவாகச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்தார். கால் தானாக எதையோ தேடித் தரையை அழுத்தியது.

“அப்ப நான்தானே மாப்ளே அதைக் குப்பையில போட்டேன்.”

“அதனாலதான்னு சொல்ல முடியாதாம். டாக்டர் சொன்னார்.”

“அதனால இல்லைன்னு சொன்னாரா?”

“அதுவும் சொல்லல.”

மாமா கையால் முகத்தை மூடிக்கொண்டார். இந்த ஒரு விஷயத்தை இவரிடம் சொல்லாமலே போய்விடலாம் என்றுதான் மடங்கார் ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் நினைத்திருந்தார். சொல்லாமல் இருந்தால் மாத்திரை மேசையிலேயே கிடந்திருக்கும்.

கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. அக்கா இடது கையைத் தூக்கி மேசையைக் காட்டினாள். பிறகு தன் வாயைக் காட்டினாள். இருவரும் அசையாமல் இருக்கவே எரிச்சலோடு மறுபடியும் காட்டினாள்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தண்ணீர் ஊற்றினார். அட்டையைக் கையில் எடுத்தவர் பிரிக்காமல் நின்றார்.

“எத்தனை?”

“ஒண்ணு.”

“நல்லாப் பாத்துச் சொல்லு மாப்ளே. முழுசாப் படி.”

மடங்கார் மருந்துச் சீட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மேலிருந்து ஆரம்பித்து, டாக்டரின் படிப்பு, முகவரி, நேரம், அக்காவின் பெயர், வயது என்று ஒவ்வொரு வரியாக விரல் வைத்துக் கீழே கையெழுத்து வரை படித்தார். திரும்ப ஒருமுறை படித்தார்.

“ஒண்ணுதான் மாமா.”