முன் சொக்கில் ஒரு கறுப்பு முடிச்சு

மோட்டார் சைக்கிள் மதகைத் தாண்டியதும் 'டொக்' என்று ஒரு சத்தம். இரும்பில் இரும்பு இடித்த சத்தம். கைபிடி அதிர்ந்தது. பின்னால் கட்டியிருந்த பால் கான்களில் ஒன்றின் மூடி நழுவி, ஒரு கை பால் கிரவல் ரோட்டில் சிந்தியது. ராஜரத்தினம் இறங்கி முன் சக்கரத்தருகே குந்தினார். சக்கரத்தின் குலுக்கலைத் தாங்கும் சொக் குழாய் நெடுக ஒயில் வடிந்து, அதில் செம்புழுதி அப்பிக் கிடந்தது.

நிஷாந்தன் சொன்னது சரிபோல இருந்தது. அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை.

ஒட்டுசுட்டான் சந்திக்குக் கிட்ட வண்டி திருத்தும் கராச் வைத்திருக்கும் நிஷாந்தன், முன் சொக் இரண்டையும் கழற்றி முழுதாகச் செய்யவேண்டும் என்று போன கிழமையே சொல்லிவிட்டான். வெறும் சீல் மாற்றிப் பிரயோசனமில்லையாம். சாமான் வவுனியாவிலிருந்து வரவேண்டுமாம். வண்டி ஏழு நாள், ஒரு முழுக் கிழமை, கராச்சில் நிற்குமாம்.

ஒரு கிழமை! இருபத்திரண்டு வீட்டுப் பாலை விடியமுன் சேர்த்து, வெயில் ஏறமுன் சேகரிப்பு நிலையத்தில் கொடுப்பதுதான் ராஜரத்தினத்தின் பிழைப்பு. அவர் ஒரு நாள் வராவிட்டால் மாட்டுக்காரர் மற்றப் பால்காரனான தர்சனைக் கூப்பிடுவார்கள். தர்சனிடம் புது வண்டி இருந்தது. கார்த்திகையில் ராஜரத்தினம் நெஞ்சுநோவென்று மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, தர்சன் பாலெடுத்தான். அவர் எழும்பி வந்தபோது ஆறு வீடு அவனோடு போயிருந்தது. அந்தத் தர்சன் யார்? நிஷாந்தனின் சொந்த மச்சான்.

இதற்குமேல் என்ன விளக்கம் வேண்டும்?

ஆவணியில் செய்வோம் என்று ராஜரத்தினம் சொல்லிப் பார்த்தார். புல் காய்ந்து பால் குறையும் காலம், அப்போது அவருடைய வீடுகளுக்கு யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள். நிஷாந்தன் சிரித்தான். வண்டி கராச்சில் நிற்கும் கிழமைக்குத் தன் வண்டியைத் தருவதாகவும் சொன்னான். ராஜரத்தினத்தின் சந்தேகம் இரட்டித்தது. சும்மா வண்டி தருகிறவன் எதையோ எடுக்கப்போகிறான் என்றுதானே கணக்கு?

இன்று கராச் வாசலில் இறங்கியபோதும் அவர் முகம் இளகவில்லை. நிஷாந்தன் பழைய சைக்கிள் டியூப்பில் ஒரு கீலம் கிழித்து, சொக் குழாயின் அடியில் சுற்றி இறுக்கி முடிந்தான்.

"என்னை நம்பவேண்டாம் அண்ணை, இதை நம்புங்கோ. சொக் அமுங்கேக்க இது மேல தள்ளுப்படும், திரும்பி இறங்காது. மூண்டு நாள் ஓடுங்கோ. பாதியோட நிண்டால் ஆவணி மட்டும் பொறுக்கலாம். உச்சிக்குப் போனால் உடன செய்யவேணும்."

முதல் நாள் நிறைந்த கான்களோடு ஓடினார், மதகடியில் வேகத்தைக் குறைத்தார். முடிச்சு பாதியில் நின்றது. அன்று பின்னேரம் அதே வண்டியில் உர மூட்டை எடுக்கப் போனார், அப்போதும் பாதிதான். இரண்டாம் நாளும் அப்படியே. பின்னேரம் ஒரு செத்தவீட்டுக்குப் போய்வந்தும் முடிச்சு அசையவில்லை. கள்ளன் பிடிபட்டான் என்று ராஜரத்தினம் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

மூன்றாம் நாள் பால் கொடுத்துவிட்டு வந்து பார்த்தபோதும் முடிச்சு பாதியிலேயே இருந்தது. சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல் படுத்தார். பின்னேரம் ஐந்து மணிக்கு எழும்பி முற்றத்துக்கு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். முடிச்சு உச்சியில் இருந்தது. எஞ்சினைத் தொட்டுப் பார்த்தார். காலையில் நிறுத்திய வண்டி கையைச் சுட்டது.

வண்டித் திறப்பு சாமிப் படத்தடி ஆணியில் தொங்கியது. நாய் குரைத்த சத்தமும் கேட்கவில்லை. பழகிய ஆள்தான் வந்திருக்கவேண்டும். கான் கழுவிக்கொண்டிருந்த மனைவி சிவலட்சுமியிடம் யார் வந்தது என்று கேட்டார். ஒருத்தரும் வரவில்லை என்றாள். தலை நிமிரவில்லை. இருபத்தாறு வருடக் குடித்தனத்தில் அவள் அப்படிக் குனிந்துகொண்டு பதில் சொன்னதே இல்லை. தர்சனுக்குத் திறப்பை எடுத்துக் கொடுத்தாளா? எதற்குக் கொடுத்தாள்?

மறுநாள் பால் கொடுத்த கையோடு கராச்சுக்குப் போய், மச்சானை ஏவிவிட்டாயா என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார். நிஷாந்தன் கோபிக்கவில்லை. முன் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் கட்டைகளை எடுத்துக் காட்டினான். கடதாசி கனத்துக்குத் தேய்ந்திருந்தன. பின் பிரேக் வழக்கம்போல்தான் தேய்ந்திருந்தது.

"நீங்கள் கிரவலில முன் பிரேக் தொடமாட்டியள். இது ஆரோ கையாலயே பிடிச்சுப் பிடிச்சு நிப்பாட்டினது. பிடிக்கேக்கையெல்லாம் சொக் அடிமட்டும் போய் இடிக்கும். சைக்கிள் ஓடிப் பழகின கைதான் அப்பிடிப் பிடிக்கும் அண்ணை."

தர்சன் சைக்கிள் ஓடி அவர் கண்டதில்லை. அவருடைய வீட்டில் சைக்கிள் ஓடுகிறவர் ஒரே ஒருவர்தான்.

கட்டைகளை மாற்றி, முடிச்சையும் அடிக்கு இறக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அன்று சாப்பிட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விட்டார். திறப்பு ஆணியிலிருந்து எடுபடும் சத்தம் கேட்டது. எஞ்சினை எழுப்பாமல் வண்டியை வாசல் படலைவரை உருட்டிக்கொண்டு போகும் சத்தமும் கேட்டது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் நடந்தார். போகுமிடத்தில் யார் காத்து நிற்கிறான் என்று பார்க்கத்தான் போனார்.

சக்கரத் தடம் கொண்டுபோய் விட்ட குளக்கட்டில் ஒருவரும் காத்து நிற்கவில்லை. சிவலட்சுமி மட்டும் சட்டையை முழங்காலுக்குள் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்தபடி ஓட்டி வந்தாள். அவரைக் கண்டதும் வலக்கைப் பிரேக்கை இறுக்கிப் பிடித்தாள். வண்டி மூக்கால் குப்புற அமுங்கி 'டொக்' என்று நின்றது.

ராஜரத்தினம் கைபிடியை எட்டிப் பிடித்தார். பிறகு, எத்தனை நாளாக இந்தக் கூத்து என்று கேட்டார். தைப்பொங்கல் முடிந்ததிலிருந்து என்றாள். சொல்லியிருந்தால் விட்டிருப்பீர்களா என்றும் கேட்டாள். அவர் முன் சொக்கைப் பார்த்தார். முடிச்சு உச்சியில் இருந்தது. ஆவணிவரை இது தாங்காது; நாளைக்கே நிஷாந்தனின் வண்டியை இரவல் வாங்கவேண்டியதுதான்.

"அம்பது வயசில உனக்கேனப்பா மோட்டச்சைக்கிள்?"

சிவலட்சுமி எஞ்சினை நிறுத்தினாள்.

"கார்த்திகையில நீங்கள் நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்தண்டைக்கு இது முத்தத்தில சும்மா நிண்டது, நான் ஆட்டோ தேடி மழைக்குள்ள சந்தி மட்டும் ஓடினனான்."