பதினான்காம் கேள்வி

மயூரா தேநீர்க் கோப்பையை என் முன்னால் வைத்தார். பிறகு உட்காராமல் குசினிக்குத் திரும்பிப் போய், அரிசி வாளியை ஒரு கையால் நகர்த்தி, அதன் பின்னாலிருந்து ஒரு சின்னப் பழுப்புநிறப் போத்தலை எடுத்து வந்தார். அதைக் கோப்பைக்கும் என் ஃபைலுக்கும் நடுவில் வைத்தார்.

"இதுதான் அண்ணை," என்றார். "இனி ஆருக்கு ஒளிக்கிறது?"

போத்தலில் மருந்துக்கடைச் சீட்டு ஒட்டியிருந்தது. பிரஷாந்தன் என்ற பெயர், டொக்டரின் பெயர், இரவில் அரை மில்லிலீட்டர், எடுத்தபின் வாகனம் ஓட்டக்கூடாது என்ற எச்சரிக்கை. கால்வாசி எண்ணெய் இன்னும் மிச்சமிருந்தது. பிரஷாந்தன் மயூராவின் கணவர். அவர் இறந்து இரண்டு மாதமும் ஒன்பது நாளும் ஆகியிருந்தன. காலையில் வேலைக்குப் போனவர், களஞ்சியசாலையில் மேலங்கியை மாட்டிக்கொண்டு நின்றபோதே விழுந்துவிட்டார். நாற்பத்தாறு வயதில் மாரடைப்பு. அவருடைய உயிருக்குக் காப்புறுதி எழுதியவன் நான்.

என் பெயர் புவனேஸ்வரன். சிட்னித் தமிழ்ச் சனத்துக்கு இன்சூரன்ஸ் புவன் அண்ணை. இருபத்தாறு வருடத் தொழில். பரமட்டாவில் ஒரு வரிக் கணக்காளரின் கடைக்கு மேலே எனக்கு ஓர் அறை இருக்கிறது; ஆனால் எங்கள் சனம் அங்கே வராது. விண்ணப்பம் நிரப்ப நான்தான் வீடு வீடாகப் போகவேண்டும். சாப்பாட்டு மேசை, வடை, தேநீர், பக்கத்தில் மனைவி, சில வீடுகளில் மாமியாரும். நான் ஆங்கிலக் கேள்வியைத் தமிழில் சொல்லுவேன், அவர்கள் பதில் சொல்ல நான் கட்டத்தில் கோடு போடுவேன். உயரம், நிறை, சீனி வருத்தம், பிரஷர், தகப்பன் எத்தனை வயதில் என்ன வருத்தத்தில் போனார். ஒரு மனிதன் தன் மச்சானிடம்கூடச் சொல்லாததை எல்லாம் நாற்பது நிமிடத்தில் கேட்டுவிட்டு, அதே மேசையில் சாப்பிட்டுவிட்டும் வரவேண்டும். அதற்கு ஒரு பக்குவம் வேண்டும். எனக்கு அது இருக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொண்டு திரிந்தேன்.

பதினான்காம் கேள்வி போதைப்பொருள் பற்றியது. அதற்கு நான் ஒரு பகிடி வைத்திருந்தேன். "பதினாலாவது கஞ்சா, அபின். உங்களைப் பாத்தா கோயில் பிரசாதத்தையே ரெண்டு தரம் யோசிச்சு வாங்கிற ஆள் மாதிரி இருக்கு. இல்லை எண்டு போடுறன்." சொல்லி முடியமுதலே கோடும் போட்டுவிடுவேன். மனைவி சிரிப்பார், மாமியார் அதைவிட அதிகமாகச் சிரிப்பார், நான் பதினைந்துக்குப் போய்விடுவேன். நூற்றுக்கணக்கான வீடுகளில் இதைச் சொல்லியிருக்கிறேன். ஒரு குடும்பஸ்தனிடம் அவன் மனைவி முன்னால், கஞ்சா பாவிக்கிறீரா என்று எப்படிக் கேட்பது? நான் தொழில் தொடங்கிய காலத்தில் அந்தக் கட்டத்தில் ஓம் என்று விழுந்தால் விண்ணப்பம் போன வேகத்தில் திரும்பி வரும். ஆகவே கேட்காமல் விடுவதை மரியாதை என்றும், கெட்டித்தனம் என்றும், சில வேளை உபகாரம் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சட்டம் மாறியது எனக்குத் தெரியாமல் இல்லை. டொக்டர் எழுதித் தந்தால் கஞ்சா எண்ணெயை மருந்துக்கடையில் வாங்கலாம் என்று வந்து பத்து வருடமாகிறது. காப்புறுதிக் கம்பனிகளும் மெல்ல மெல்ல மாறின. புகைத்தால் ஒரு கணக்கு, டொக்டர் சொல்லி எண்ணெயாக எடுத்தால் இன்னொரு கணக்கு. என்ன வருத்தத்துக்கு எடுக்கிறார், எவ்வளவு எடுக்கிறார் என்று பார்த்து, பல வேளைகளில் சாதாரண ஆளைப் போலவே ஏற்றுக்கொள்ளத் தொடங்கினார்கள். பதினான்காம் கேள்வியின் கடைசியில், டொக்டர் எழுதித் தந்ததையும் சேர்த்துச் சொல்லவும் என்று ஒரு வரி வந்து ஏறியது. இதையெல்லாம் விளக்க எங்களுக்கு ஒன்லைனில் ஒரு மணிநேர வகுப்பு வைத்தார்கள். நான் கமராவை மூடிவிட்டு, என் மனைவி விமலாதேவிக்குப் பயற்றங்காய் முறித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பு முடிய சான்றிதழ் வந்தது. அதை அறைச் சுவரில் மாட்டியும் வைத்தேன். அந்தப் புது வரியை மட்டும் நான் வாசிக்கவில்லை. கேள்விதான் எனக்கு மனப்பாடமாயிற்றே.

பிரஷாந்தனும் மயூராவும் கைக்குழந்தையோடு அகதியாகப் படகில் வந்தவர்கள். பதினொரு வருடம் தற்காலிக விசாவில் இருந்து, நிரந்தர விசா கையில் கிடைத்த அடுத்த வருடமே டூங்காபியில் இந்த வீட்டை வாங்கினார்கள். வங்கிக் கடன் கிடைத்த கையோடு பிரஷாந்தன் என்னைக் கூப்பிட்டார். "எனக்கு ஒண்டு நடந்தா இவையள் இந்த வீட்டை விட்டு எழும்பக் கூடாது அண்ணை, அதுக்கு வழி பாருங்கோ," என்றார். வேறு எதுவும் அவர் கேட்கவில்லை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். இதே மேசை. யன்னலோரக் கதிரையில் பிரஷாந்தன் இருந்தார். கதிரையின் முதுகில் ஒரு சின்னத் தலையணை நாடாவால் கட்டியிருந்தது. சண்டைக் காலத்தில் வெடித்த ஒரு செல் துண்டு இடுப்பில் கிடக்கிறது, எடுக்க முடியாதென்று டொக்டர்மார் விட்டுவிட்டார்கள் என்றார். பழைய காயம் என்று எழுதிக்கொண்டேன். வாசலில் நல்ல கார் நிற்க ஏன் ஆள் ரயிலில் வேலைக்குப் போகிறார் என்று கேட்டேன். "காலமையில ஓடுறது சரிவராது அண்ணை," என்றார். "பெற்றோல் மிச்சம் பிடிக்கிறியள் என்ன," என்று நான் கேலி செய்தேன். டொக்டர் எழுதித் தந்தாலும், அந்த எண்ணெய் உடம்பில் இருக்கக் காரோட்டிப் பிடிபட்டால் இந்த மாநிலத்தில் குற்றம்தான். சட்டத்துக்குப் பயந்து ஒரு மனிதன் விடியமுதல் ரயில் ஏறுகிறார். நான் அதைக் கஞ்சத்தனம் என்று எடுத்துக்கொண்டேன்.

பதினான்கு வந்தது. பகிடியைச் சொன்னேன். பிரஷாந்தனும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. பிறகு, "அண்ணை, அது வந்து..." என்றார். அப்போது மயூரா வடைத் தட்டை மேசையில் வைத்தார். பிரஷாந்தன் மயூராவைப் பார்த்தார். நான் கோடு போட்டு முடித்திருந்தேன். "அடுத்தது பதினஞ்சு," என்றேன்.

அந்த 'அது வந்து' என் காதில் விழவில்லை என்று நான் சொல்லமாட்டேன். விழுந்தது. வடை சூடாக இருந்தது, இருட்டமுதல் இன்னொரு வீட்டுக்குப் போகவேண்டியும் இருந்தது.

காப்புறுதிப் பணத்துக்கான கோரிக்கை போய் ஆறாவது கிழமை கம்பனியிலிருந்து திவ்யதர்ஷினி என்ற பெண் ஃபோன் எடுத்தாள். மலேசியத் தமிழ்ப் பிள்ளை, கோரிக்கைப் பிரிவில் வேலை. டொக்டரின் பதிவுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். விண்ணப்பத்துக்கு எட்டு மாதம் முந்தியே பிரஷாந்தனுக்குக் கஞ்சா எண்ணெய் எழுதப்பட்டிருக்கிறது.

"சொல்லியிருந்தா பிரச்சினை வந்திருக்குமோ பிள்ளை?" என்று கேட்டேன்.

"இல்ல அங்கிள், இப்போ இது பெரிய இஷ்யூவே இல்ல. டாக்டர் லெட்டர் ஒண்ணு கேட்டிருப்போம். பிரீமியம் கொஞ்சம் கூடியிருக்கலாம், கூடாமயும் இருந்திருக்கலாம்."

"அப்ப ஏன் காசை மறிச்சு வச்சிருக்கிறியள்?"

"எண்ணெய்க்காக இல்ல அங்கிள். இல்லைன்னு சொன்னதுக்காக."

அதன் பிறகு, பணத்தை ஏன் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று மயூராவுக்கு ஒரு கடிதம் போனது. இன்னொன்று என் பெயருக்கு வந்தது. பதினான்காம் கேள்வியை விண்ணப்பதாரருக்கு முழுமையாக வாசித்து, அவர் சொன்ன பதிலைத்தான் பதிந்தீர்களா? ஓம், இல்லை என்று இரண்டு கட்டம். கீழே விளக்கம் எழுத ஆறு வரி. ஓம் என்று போட்டால் பிரஷாந்தன் தெரிந்தே பொய் சொன்னவர் ஆவார். பணம் வராது, வீடு வங்கிக்குப் போகும். இல்லை என்று போட்டால் பிழை என் தலையில். மயூராவுக்கு வழி பிறக்கலாம். என் லைசன்ஸ் போய்விடும். போவதோடு நிற்காமல், நான் கோடு போட்ட மற்ற வீடுகளையும் தோண்டுவார்கள். எனக்கு வயது அறுபத்தொன்று, இன்னும் நான்கு வருடம்தான் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தவன்.

ஓம் என்று போடுவதாகத்தான் வீட்டிலிருந்து வெளிக்கிட்டேன். மறுத்துச் சொல்லப் பிரஷாந்தன் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது மயூராவுக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று பார்க்கத்தான் இந்தச் சனிக்கிழமை நான் டூங்காபிக்கு வந்ததே. என்னைப் பற்றி இதைவிடக் கேவலமாகச் சொல்ல என்னிடம் வேறு இல்லை.

மயூரா எனக்கு எதிரே உட்கார்ந்தார். மெலிந்திருந்தார். மகளை ரியூஷனுக்கு விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார். பிறகு போத்தலைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான்தான் அண்ணை பிழை விட்டனான். இது எப்பவும் இந்த மேசையிலதான் கிடக்கும். அண்டைக்கு நீங்கள் வாறியள் எண்டு நான்தான் எடுத்து ஒளிச்சனான். அவர் சொல்லுவம் எண்டவர். கள்ளமா வாங்கினதே, டொக்டர் தந்ததுதானே எண்டவர். நான்தான் விடேல்லை. பேப்பரில கஞ்சா எண்டு ஏறினா விசாவுக்கு ஏதும் வந்திடும், கோயில்ல சனம் ஒரு மாதிரிக் கதைக்கும் எண்டு... பதினொரு வருஷம் ஒரு கடுதாசிக்கு நிண்ட ஆக்கள் அண்ணை. எதில எழுதினாலும் பயம். அவர் வாயைத் திறக்க வடையைக் கொண்டுவந்து வச்சதும் நான்தான். அந்த மனிசன் ஒரு பொய் சொல்லத் தெரியாத மனிசன். இப்ப பொய்க்காரன் எண்டு கடிதம் வருது."

எனக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது. நான் கேட்காமலே கிடைத்தது. தலையை ஒரு தரம் ஆட்டினால் போதும். என்ன செய்கிறது, விதி என்று ஒரு சொல் சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்துப்போட்டு எழும்பலாம். இருபத்தாறு வருடமாக எத்தனையோ சாவீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னவன்தான். அன்று வாய் வரை வந்தது.

மயூரா கண்ணைத் துடைக்கவில்லை. அவர் அழுதிருந்தால் ஒருவேளை நான் தலையை ஆட்டியிருப்பேன். அவர் போத்தலை மெல்லத் திருப்பி, சீட்டில் இருந்த பெயர் எனக்குத் தெரியும்படி வைத்தார். அவ்வளவுதான் செய்தார்.

"அவர் பொய் சொல்லேல்லை மயூரா," என்றேன். "நான் கேக்கவே இல்லை."

மயூரா நிமிர்ந்து பார்த்தார்.

"பகிடி விட்டுப்போட்டு நானே இல்லை எண்டு போட்டனான். அவர் ஏதோ சொல்ல வந்தவர். அது எனக்குக் கேட்டது. கேட்டும் அடுத்த கேள்விக்குப் போனனான்."

சுவர் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வீட்டில் யாரோ புல் வெட்டும் மெசினை நிறுத்தினார்கள்.

"கோயில் பிரசாதம் எண்டு ஏதோ சொன்னனீங்கள்," என்றார் மயூரா.

"ஓம்."

"நானும் சிரிச்சனான்."

மன்னிப்புக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சொல்லை அப்போது சொல்லியிருந்தால், பரவாயில்லை அண்ணை என்று அவர் சொல்லவேண்டி வந்திருக்கும். அதையும் அவர் தலையில் கட்ட எனக்கு மனம் வரவில்லை.

"அந்தக் கேள்வி உங்களிட்ட இருக்கோ?" என்று கேட்டார்.

ஃபைலில் விண்ணப்பத்தின் பிரதி இருந்தது. எடுத்தேன்.

"வாசியுங்கோ."

"இப்பவோ?"

"அவருக்கு வாசிச்சிருந்தா எப்பிடி வாசிச்சிருப்பியளோ, அப்பிடி வாசியுங்கோ."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். என் பகிடிக்குப் பழகிப்போன நாக்கு அந்தக் கேள்வியைத் தமிழில் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் தடுமாறியது. முதல் தரம் பாதியில் நின்றேன். திரும்பத் தொடங்கினேன்.

"கடந்த ஐஞ்சு வருஷத்துக்குள்ள நீங்கள் கஞ்சா, அபின், வேற ஏதும் போதைப்பொருள் பாவிச்சனீங்களோ? டொக்டர் எழுதித் தந்து பாவிச்சதெண்டாலும் அதையும் சொல்லுங்கோ. என்ன வருத்தத்துக்கு, எவ்வளவு, எப்பவிருந்து எண்டும் சொல்லுங்கோ."

வாசித்து முடிக்கப் பதினைந்து இருபது விநாடிகூட ஆகவில்லை.

மயூரா என்னைப் பார்க்கவில்லை. யன்னலோரக் கதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறந்தபோது, அவருடைய கணவர் பேசுவதைப் போலவே பேசினார். ஒவ்வொரு சொல்லாக, அவசரப்படாமல்.

"ஓம் அண்ணை, பாவிக்கிறனான். டொக்டர் எழுதித் தந்தது. எட்டு மாசமா. இரவில அரை மில்லி. இடுப்பில செல் துண்டு கிடக்கு, படுக்கேலாது. இதை எடுத்தாத்தான் ஒரு நாலு மணித்தியாலம் நித்திரை வருது. காலமையில கார் ஓட்டமாட்டன். வேற ஒண்டும் இல்லை. இதால ஏதும் பிரச்சினை வருமோ அண்ணை?"

மயூரா கதிரையிலிருந்து பார்வையை என் பக்கம் திருப்பினார்.

"எழுதுங்கோ," என்றார்.

கடிதத்தை ஃபைலில் இருந்து எடுத்து மேசையில் விரித்தேன். பேனையின் மூடியைக் கழற்றி, முனையை இல்லை என்ற கட்டத்துக்குக் கொண்டுபோனேன். தேநீரில் ஆடை படிந்து கிடந்தது. யன்னலுக்கு வெளியே பிரஷாந்தனின் கார் கழுவாமல் நின்றது. உள்ளே, அவருடைய கதிரை முதுகில் அந்தச் சின்னத் தலையணை நாடாவால் கட்டியபடியே இருந்தது, நடுவில் கொஞ்சம் அமுங்கி.