சாக்குக்குள் ஒரு எட்டாவது ஆள்

விசாலாக்ஷி மாமி வீட்டுக் கொலுவில் சுண்டலை வாங்கிக்கொண்டு, பாட்டும் பாடாமல் யார் பட்டுக்கும் விலை கேட்காமல், வசந்தாமணி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“காலி அரிசிச் சாக்கு இருந்தா குடுங்க மாமி. சணல் சாக்கு.”

“எதுக்கு? வீடு மாத்தறியா?”

“இல்லீங்க. ஒளிஞ்சுக்கறதுக்கு.”

கூடமே சுண்டல் மெல்லுவதை நிறுத்தியது. அமெரிக்காவில், சன்னிவேலில் அந்த அபார்ட்மெண்டில் ஒளிந்துகொள்ளக் காரணம் உள்ளவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் அதற்காகச் சாக்கு கேட்டு வந்தவள் இவள் ஒருத்திதான். மறுநாள் காலைக்குள் வசந்தாமணி புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு தரையில் சாக்கு விரித்துப் படுக்கிறாள் என்று மூன்று வீடுகளில் முடிவாகிவிட்டது.

விஷயம் வேறு. புருஷன் நஞ்சுண்டனுக்கு ஏர்சாஃப்ட் பைத்தியம். துப்பாக்கி அசல் மாதிரியே இருக்கும், நுனியில் மட்டும் ஆரஞ்சு நிறம். சுட்டால் கொண்டைக்கடலையைவிடச் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் குண்டு வரும். குண்டு பட்டவன் தானே “ஹிட்” என்று ஒத்துக்கொண்டு, சிவப்புத் துணியைத் தலைக்கு மேல் பிடித்தபடி வெளியேற வேண்டும். எந்தத் தப்பையும் யாரும் ஒத்துக்கொள்ளாத ஆபீசில் வாரம் முழுக்க இருந்துவிட்டு வருகிறவர்களுக்கு எப்படித்தான் இந்த ஆட்டம் ஒத்துவந்ததோ. கொலம்பஸ் டே லீவில் கில்ராய்க்கு அப்பால் மலையில் மூன்று நாள் பெரிய ஆட்டம். டீமுக்கு எட்டுப் பேர் இருந்தால் சொந்த முகாம். குறைந்தால் ஆளுக்கொரு திசையாகப் பிரித்து அந்நியர்களோடு சேர்த்துவிடுவார்கள். எட்டாவது ஆளான சபரிக்குக் கம்பெனியில் சாஃப்ட்வேர் ரிலீஸ் வந்து லீவு போனது. நஞ்சுண்டன் தயிர்சாதத்தில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தான்.

“நான் வர்றனுங்க,” என்றாள் வசந்தாமணி.

“நீயா? வெளையாடாத வசந்தா.”

“வெளையாடத்தானுங்க வர்றேங்கறேன். எட்டுப் பேருக்கும் வெஸ்ட் தெச்சது நானு. பேட்டரி சார்ஜ் பண்றது நானு. கடைசியில பால்கனில நின்னு டாட்டா காட்டறதும் நானுங்களா?”

வேலை பார்க்க விடாத விசாவில் வந்து நாலு வருஷம். அந்தப் பால்கனியில் நின்று அவள் பார்த்த கார்களை வரிசையாக நிறுத்தினால் ஊர் வரைக்கும் போகும். இந்த முறையும் அங்கேயே நிற்பதாக அவளுக்கு உத்தேசம் இல்லை.

டீம் கேப்டன் சிவராமகிருஷ்ணன் சிரித்தான். “சரிக்கா, சண்டே ப்ராக்டிஸ்ல ஒளிஞ்சுக்கோங்க. லன்ச் வரைக்கும் நாங்க கண்டுபிடிக்கலேன்னா நீங்கதான் எட்டு. கண்டுபிடிச்சா, லெமன் ரைஸ் மட்டும் கட்டிக் குடுத்துருங்க.”

மாமி வீட்டிலிருந்து வந்த சாக்குகள் பிரிபட்டன. இட்லிக் குண்டானில் சாயத்துக்கு டீத்தூள் கொதித்தது. நாராக ஊறிய சணலைப் பழைய பேட்மின்டன் வலையில் அவள் முடிச்சு முடிச்சாகக் கட்டி, தலைமுதல் கால்வரை மூடும் புல் அங்கியாக்கினாள். குளியல் தொட்டி பழுப்பேறிப்போனது. பால்கனியில் காய்ந்ததைப் பார்த்து, கரடி ஒன்று செத்துத் தொங்குகிறது என்று மாமி எதிர்வீட்டுக்கு போன் பண்ணினாள்.

ஞாயிற்றுக்கிழமை, ஒரு நண்பரின் பண்ணையில், அக்டோபர் புல் காய்ந்து டீ நிறத்தில் கிடந்தது. ஏழு இன்ஜினியர்கள் மேடு பள்ளமெல்லாம் தேடினார்கள். முகத்தை மூடிய கண்ணாடிக்குள் வியர்வை வழிய, சணல் அங்கிக்குள் அசையாமல் கிடந்தாள் வசந்தாமணி. எறும்பு ஒன்று கழுத்தில் ஏறி இறங்கியது, அதையும் விட்டுவைத்தாள். வெயில் உச்சிக்கு வந்ததும் சிவராமகிருஷ்ணன், “அக்கா கார்ல போய்த் தூங்கறாங்க போல,” என்று சொல்லிவிட்டு ஒரு புதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் கேரியரைத் திறந்தான். ஒவ்வொரு டப்பாவாகத் துழாவினான்.

“ஊறுகாய் பச்சை மூடி டப்பாவுலங்க,” என்றது புதர்.

கேரியர் உருண்டது. அவன் எழுவதற்குள் பூட்ஸில் ‘டக்’கென்று ஒரு குண்டு பட்டது.

அவன் மெதுவாகக் கையைத் தூக்கினான். “ஹிட்.” சிவப்புத் துணிக்குப் பையைத் தடவினான், இல்லை. புதருக்குள்ளிருந்து வளையல் கை ஒன்று நீண்டு, மடிப்புக் கலையாத சிவப்பு ரவிக்கைத் துண்டைக் கொடுத்தது. தாம்பூலத்தில் வந்து, யாரும் தைக்காமல் அடுத்த வீட்டுத் தாம்பூலத்துக்குப் போகும் ஜாதி.

“இனிமே யாரும் மறக்க வேண்டாம். எட்டுப் பேருக்கும் வெட்டி வச்சிருக்கேன்,” என்றாள் எட்டாவது ஆள்.

விஜயதசமி காலை வேன் வந்தது. கரடித் தோலைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கியவளை வளாகமே பால்கனிகளில் நின்று பார்த்தது. அவள் பையில் மடித்துச் செருகியிருந்த சிவப்புத் துணியின் ஓரத்தில் மஞ்சள் மாங்காய்களைக் கண்டதும் மாமி கம்பியைப் பிடித்து எட்டினாள்.

“வசந்தா, அது நான் ரெண்டு வருஷம் முன்னாடி உனக்கு வச்சுக் குடுத்ததுடி.”

“ஆமாங்க மாமி. எல்லா வீட்டையும் சுத்திட்டு, இந்தக் கொலுவுக்கு நீங்களே மறுபடி எனக்குக் குடுத்தீங்க.”

மாமி ஒரு நிமிஷம் வாயை மூடியிருந்தாள். அதுவே வளாகத்தில் நாலு நாள் பேசப்பட்டது.

“குண்டு பட்டு அதை வெளியில எடுக்கற மாதிரி வச்சுக்காதே,” என்றாள் பிறகு. “மடிப்புக் கலையாம கொண்டு வா.”

நஞ்சுண்டன் வேனின் முன்கதவைத் திறந்துவிட்டான். வசந்தாமணி ஏறினாள், டாட்டா காட்டவில்லை. வேன் எல் கமினோ சாலையில் திரும்பி மறையும் வரை மாமி நின்றாள். பிறகு உள்ளே போய், பாதி அரிசி இன்னும் மிச்சமிருந்த சணல் சாக்கைத் தூக்கி, தனக்கும் ஒரு சாக்கு காலியாகட்டும் என்று எவர்சில்வர் டிரம்மில் கவிழ்க்கத் தொடங்கினாள்.